கேட்பாரற்ற கம்பளி

அந்தத் தெருவில் அவளுக்கு நீராவி அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்காதான். முதுகைத் திருப்பியதும் நீராவி ஒட்டிக்கொள்ளும். லாண்டரி நடத்துகிறாள், நாள் முழுக்க பாய்லரோடும் இஸ்திரியோடும் மல்லுக்கட்டுகிறாள், அதனால் வந்த பெயர் என்று தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சட்டையில் ஒரு பட்டன் காணோம் என்று அவளிடம் போய்ச் சொல்லிப் பார்த்தால் உண்மையான காரணம் விளங்கிவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சும்மா கத்துகிற பிறவி இல்லை அவள். அவள் கத்தினால் பெரும்பாலும் நியாயம் அவள் பக்கம்தான் இருக்கும். வினையே அங்கேதான். நியாயம் தன் பக்கம் என்று தெரிந்துவிட்டால் மனுஷிக்குக் கண் மண் தெரியாது. இந்த விஷயத்திலும் நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. இருந்து என்ன பிரயோசனம்? ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் கிடந்த உயிர் அந்த நியாயத்துக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டது.

கடையின் முன்பக்கம் நீள மேஜை. அதன் பின்னால் உறை போட்ட கோட்டுகளும் புடவைகளும் கம்பியில் வரிசையாகத் தொங்கும். மேஜையில் அவள் புருஷன் உட்கார்ந்திருப்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். தெருவுக்கு டிரைவர் அண்ணன். வருகிற துணிக்கெல்லாம் நம்பர் சீட்டு குத்துவது அவர் வேலை. "காலம் பூரா ஹாரன் அடிச்சவரு, இப்ப வீட்டு ஹாரனைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று எதிர்க்கடை சலூன்காரர் கிண்டல் செய்வார். அண்ணனுக்கு இதற்கெல்லாம் ரோஷம் வராது. கையில் திருப்புளியும் நாலு ஸ்க்ரூவும் கிடைத்தால் போதும், உலகத்தை மறந்து எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

பின்பக்கம் பாய்லர் அறை. அதன் சுவரில், மேலே, காற்று வர ஒரு சதுர ஓட்டை. அதன் கீழே பெரிய எழுத்தில் பெயின்ட்டால் எழுதியிருப்பாள்: "இங்கே எதையும் வைக்காதே." பாய்லரைப் பார்க்க வரும் மெக்கானிக் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனது அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. "தீ நீலமா எரிஞ்சா அது நல்லா மூச்சு விடுதுன்னு அர்த்தம் அக்கா. மஞ்சளா எரிஞ்சு கரி கக்குனா மூச்சு முட்டுது. அப்ப வர்ற காத்துக்கு வாசனையே கிடையாது. தூக்கம் வர்ற மாதிரியே வந்து ஆளைக் கொண்டு போயிடும்." ஒரு மழை நாளில் டிரைவர் அண்ணன் தெரியாத்தனமாக அந்த ஓட்டைமேல் ஈரத் துண்டைக் காயப்போட்டார். "எல்லாரையும் ஒரேயடியா அனுப்பி வைக்கலாம்னு பாக்குறீங்களா?" என்று அவள் போட்ட கூச்சலில் சலூனில் பாதி சவரத்தோடு ஒருத்தர் எழுந்து ஓடி வந்தார்.

பாய்லர் அறைக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி. வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராதவர்களின் துணி அதில் இருக்கும். ஊரை விட்டுப் போனவர்கள், மறந்து போனவர்கள், செத்துப் போனவர்கள் எல்லாருடைய துணியும் சீட்டோடு மடித்து அடுக்கியிருக்கும். ஒன்றைக்கூட வெளியே எடுக்க விடமாட்டாள். "நாளைக்கு வந்து கேட்டா உன் அப்பனா குடுப்பான்?" என்பாள். அந்த அலமாரியின் அடித்தட்டில் கனத்த சாம்பல் நிறக் கம்பளி ஒன்று கிடந்தது. ஓரத்தில் பட்டையாகச் சிவப்புக் கோடு. யார் போட்டது என்று அவளுக்கே மறந்துவிட்டது.

பக்கத்துக் கடை முன்பு செருப்புக்கடை. வெகுநாள் பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் ஷட்டர் திறந்தது, வெள்ளையடித்தார்கள், ஆவி பறக்கும் கிண்ணம் ஒன்றைப் பலகையில் வரைந்து மாட்டினார்கள். ராமென் கடை. ஜப்பான்காரர்கள் சாப்பிடுகிற நூடுல்ஸ் சூப்பு என்று சலூன்காரர் தெருவுக்கே விளக்கம் சொன்னார், ஏதோ ஜப்பானில் பெண் எடுத்தவர் மாதிரி. கடை போட்டவன் ஒல்லியான ஆள். பெரிய ஹோட்டல் ஒன்றில் பல வருஷம் இன்னொருத்தனுக்காக வெந்து, சொந்தமாக ஒரு அடுப்பு வேண்டும் என்று வந்தவன். அவனைத் தெருவில் சூப்புத் தம்பி என்று கூப்பிட்டார்கள். அவன் பெண்டாட்டி கிண்ணம் கழுவி, மேஜை துடைத்து, கூடமாட நின்றாள். கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை, அதுதான் வீடு. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கிக் கிடந்த பிறகு அப்போதுதான் அவளுக்கு வயிற்றில் தரித்திருந்தது. அதைச் சொல்லும்போது அவள் குரல் தானாகவே தாழ்ந்துவிடும், சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடும் என்று பயந்த மாதிரி.

ராமென் என்றால் சும்மா இல்லை. காலையில் ஒரு அண்டா நிறைய எலும்பைப் போட்டு அடுப்பேற்றினால் சாயங்காலம் வரை கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆவியையெல்லாம் உறிஞ்சிப் பின்சந்தில் துப்புவதற்கு, அடுப்புக்கு நேர் மேலே சுவரில் ஒரு மின்விசிறி வைத்திருந்தான். பின்சந்தில்தான் நீராவி அக்காவின் கொடிகள். லாட்ஜுக்காரர்களின் வெள்ளை விரிப்புகள், ஆஸ்பத்திரி அங்கிகள், மடிப்புக் கலையாத சட்டைகள் எல்லாம் அங்கேதான் காயும்.

முதலில் லாட்ஜுக்காரர்கள் விரிப்புகளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் ஒருத்தர் கோட்டோடு வந்தார். மூக்கருகே கொண்டுபோய்க் காட்டி, "அக்கா, நான் இன்டர்வியூவுக்குப் போறேன். விருந்து முடிச்சுட்டு வர்ற மாதிரி மணக்குது பாருங்க" என்றார். அக்கா முகர்ந்து பார்த்தாள். எலும்பு, பூண்டு, கொழுப்பு. அவள் கை பட்டு வெளுத்த துணியில் அப்படி ஒரு வாடை வந்ததே கிடையாது. அவமானம் தாங்கவில்லை அவளுக்கு. கோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் நுழைந்தாள்.

"யாருய்யா இங்க ஓனரு? மோந்து பாரு இதை! பாருய்யா!"

சூப்புத் தம்பி கரண்டியோடு நின்றான். "அக்கா, குழாயை மேல மொட்டை மாடி வரைக்கும் ஏத்திடறேன். ஆள்கிட்ட சொல்லியிருக்கேன். வீட்டு ஓனர் சம்மதம் குடுக்கணும், அவர் ஊர்ல இல்ல…"

"அவர் வர்ற வரைக்கும் ஊர்த் துணியெல்லாம் சூப்பு குடிக்கணுமா? நாளைக்கே நகராட்சிக்குப் போறேன். உன் கடை இருக்கா இல்லையான்னு பாத்துடறேன்."

நகராட்சி என்றதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. புதுக் கடை, லைசென்ஸ் கைக்கு வந்து மை காயவில்லை. அவன் பெண்டாட்டி கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா சொல்றது சரிதானேங்க. அவங்க பொழப்பு அது" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அக்காவின் ஆவி பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே.

கடைசியில் டிரைவர் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். குழாய் போடுகிற ஆள் வரும்வரை விசிறியை நிறுத்திவிட்டு, அந்த ஓட்டைமேல் சந்துப் பக்கமாக ஒரு தகரத்தை அறைந்துவிட்டால் ஆயிற்று. வாசல் கதவு எப்போதும் திறந்துதானே இருக்கிறது, ஆவி அப்படியே தெருப்பக்கம் போய்விடும். சூப்புத் தம்பி தலையாட்டினான். அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி, நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். அக்கா கீழே நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் இன்னும் வாடை கசிந்தது.

"இடுக்குல ஏதாச்சும் திணிங்க."

"என்னத்தைத் திணிக்க?"

அவள் கடைக்குள் போனாள். இத்தனை காலம் ஒரு கைக்குட்டையைக்கூட எடுக்காத அந்த அலமாரியிலிருந்து சாம்பல் நிறக் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் தகரத்தைக் கழற்றி, கம்பளியை ஓட்டைக்குள் நன்றாக அமுக்கித் திணித்து, மறுபடியும் தகரத்தை வைத்தார். "பக்கத்துக்கு இன்னும் ஒரு ஸ்க்ரூ போடுங்க. காத்தடிச்சா பிச்சுக்கும்" என்றாள். போட்டார். அப்புறமும் திருப்தி வராமல் இன்னொன்று போடச் சொன்னாள். அதையும் போட்டார்.

பாய்லர் அறைச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்தவள்தான் இவள். அங்கே இருந்தது மூச்சு விடுகிற ஓட்டை. இங்கே இருந்தது நாற்றம் வருகிற ஓட்டை. இரண்டும் ஒன்றுதான் என்று அவள் புத்திக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. கோபத்தில் இருக்கிறவளுக்கு எது உறைக்கும்?

அதற்கப்புறம் தெரு அமைதியானது. விரிப்புகள் வெயில் வாசனையோடு காய்ந்தன. சூப்புத் தம்பியின் பெண்டாட்டி கடை ஏப்ரன்களையும் வாசலில் தொங்கும் நீலத் திரையையும் வெளுக்கக் கொண்டுவந்தாள். "உங்ககிட்ட போடாம வேற எங்க அக்கா போடுவேன்?" என்றாள். அக்காவுக்குத் தங்கச்சி கிடையாது. பெற்ற மகன் வேறு ஊரில். ஒரு நடை வந்தவள் தினமும் வர ஆரம்பித்தாள். மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து டீ கொடுப்பாள் அக்கா. கால் வீங்கியிருக்கிறதா என்று புடவையை விலக்கிப் பார்ப்பாள். இதைத் தின்னு, அதைத் தூக்காதே என்று அதட்டுவாள். வெளுத்து வெளுத்துப் பட்டு மாதிரி மெத்தென்றாகிவிட்ட பழைய பருத்தி விரிப்புகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, கொதிநீரில் போட்டெடுத்து, இஸ்திரி போட்டாள். பிறக்கப் போகிறதற்கு. காகிதத்தில் பொட்டலம் கட்டி, விளையாட்டுக்கு அதற்கும் ஒரு நம்பர் சீட்டு குத்தி வைத்தார் டிரைவர் அண்ணன்.

"பிள்ளையே நேர்ல வந்து சீட்டைக் காட்டி வாங்கிக்கட்டும்" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"தலைவலி அக்கா. இப்பல்லாம் சாயங்காலமானா மண்டை பிளக்குது. டாக்டரம்மா ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க."

"மசக்கையில சிலருக்கு அப்படித்தான். போய்ப் படு."

அவள் போய்ப் படுத்தாள். அடுப்புக்குப் பக்கச் சுவரை ஒட்டிய அந்த அறையில்.

குழாய்க்காரன் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடித்தான். எல்லாம் சுமுகமாக ஓடிக்கொண்டிருந்ததால் அவனை யாரும் விரட்டவில்லை. மழைக்காலம் பிடித்துக்கொண்டது. குளிர்காற்று உள்ளே வருகிறதென்று ராமென் கடைக் கதவைச் சாத்தியே வைத்தார்கள். மழைக்கும் குளிருக்கும் சூடான சூப்பு என்றால் கேட்கவா வேண்டும்? கூட்டம் நெரிந்தது. கண்ணாடியில் உள்பக்கமாகத் தண்ணீர் கோடு கோடாக வழியும். டிரைவர் அண்ணன் தினமும் மத்தியானம் அங்கேதான். சாப்பிட்டுவிட்டு வந்து மேஜையிலேயே கவிழ்ந்துவிடுவார்.

"சூப்புல கஞ்சா கிஞ்சா போடுறானா அவன்? இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறீங்க?"

"ருசிடி. ஒரு கிண்ணம் குடிச்சா உடம்பே லேசாயிடுது. சலூன்காரன் அங்கேயே தூங்கிட்டான் நேத்து."

தெருவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால் ராமென் கடைக்குப் போ என்பது பேச்சாகிவிட்டது. சூப்புத் தம்பி மட்டும் முன்பு போல் இல்லை. கேட்டது ஒன்று, வைப்பது ஒன்று. இரண்டு கிண்ணத்தைக் கை நழுவ விட்டான். பாவம், தூக்கமில்லாமல் உழைக்கிறான் என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

நீராவி அக்காவுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. வெளுக்க வந்த ஏப்ரன்களில் முன்பெல்லாம் எண்ணெய்க் கறை இருக்கும். வெந்நீரும் சோடாவும் போட்டால் விட்டுவிடும். இப்போது கரி. நீலத் திரையே சாம்பல் பூத்த மாதிரி வந்தது. கசக்கினால் தண்ணீர் மை மாதிரி ஓடியது. "அண்டாவைத் துடைச்சுட்டு இதுலயே கையைத் துடைக்கிறானா உன் புருஷன்?" என்று கேட்டாள். அந்தப் பெண் அரைத் தூக்கத்தில் இருப்பவள் மாதிரி, "தெரியல அக்கா, அண்டா அடியெல்லாம் கரியாத்தான் பிடிக்குது இப்ப" என்றாள். அக்காவின் மனதில் எங்கேயோ ஒரு கதவு லேசாக அசைந்தது. அதற்குள் லாட்ஜ் வண்டி வந்து நின்றது. விரிப்புகளை எண்ணப் போய்விட்டாள்.

"ஒரு நாளாவது எங்க கடையில வந்து சாப்பிடுங்க அக்கா. சண்டை போட வந்ததோட சரி" என்று அந்தப் பெண் பல தடவை கூப்பிட்டுவிட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்த மத்தியானத்தில், அக்கா நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு புருஷனோடு கிளம்பினாள். அடுத்த கதவுதான். அதற்கும் பவுடர் போட்டுக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் வெதுவெதுப்பு முகத்தில் அறைந்தது. அடுப்பைப் பார்த்தபடி நீள மேஜை, அதன் முன்னால் உயர ஸ்டூல்கள். சலூன்காரரும் வேறு மூன்று நான்கு பேரும் கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள்.

"தங்கச்சி எங்க?"

"உள்ள படுத்திருக்கா அக்கா. காலையிலிருந்தே தலைவலி, ஒரு வாந்தி. நீங்க வந்ததும் எழுப்பச் சொன்னா. கொஞ்சம் தூங்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்றாள் அக்கா.

கிண்ணம் வந்தது. பால் மாதிரி வெளுத்த சூப்பு. அதில் நூல்கண்டு மாதிரி சுருண்ட நூடுல்ஸ், மெல்லிய இறைச்சித் துண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், பாதியாக அறுத்த முட்டை, ஓரத்தில் கறுப்புக் காகிதம் மாதிரி ஒரு கடல்பாசித் தகடு.

"முட்டை வேகவே இல்லையேய்யா!"

"அது அப்படித்தான் இருக்கணும் அக்கா."

"அடுப்பை நாள் பூரா எரிக்கிற, ஒரு முட்டையை வேக வைக்க முடியலையா உனக்கு?" குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினாள். புருஷன் பிடித்துக் காட்டினார், நழுவியது. கடைசியில் முள்கரண்டி வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். பேச்சு நின்றுவிட்டது. இந்த வாடைக்காகவா அத்தனை சண்டை போட்டோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சத்தம் போட்டு உறிஞ்சுங்க அக்கா. அதுதான் சமையல்காரனுக்கு மரியாதை" என்றான் சூப்புத் தம்பி.

"சத்தம் போடறதுக்கு அக்காவுக்குச் சொல்லித் தரணுமா?" என்றார் சலூன்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரிப்பு ஏன் இவ்வளவு நேரம் நீள்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. புருஷனின் கன்னம் இரண்டும் சின்னப் பிள்ளைக்குப் போல் சிவந்திருந்தது. அவளுக்கு நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி வலித்தது. கண் சொக்கியது. இப்படியே மேஜையில் தலையைச் சாய்த்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தபடியே கண்ணைத் தூக்கி அடுப்பைப் பார்த்தாள்.

தீ மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

மஞ்சள் நாக்குகள் அண்டாவின் அடியை நக்கிக்கொண்டிருந்தன. அண்டா கரிக்கட்டையாக இருந்தது. அவள் பார்வை மெதுவாக மேலே ஏறியது. சுவரில் நின்றுபோன விசிறி. அதன் இறக்கைகளுக்குப் பின்னால், கரி படிந்து, பட்டையாக ஒரு சிவப்புக் கோடு.

மெக்கானிக்கின் குரல் காதருகே கேட்ட மாதிரி இருந்தது. ஏப்ரனில் கரி, தலைவலி, தூக்கம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எழுந்தாள். கால் தள்ளாடியது.

"அடுப்பை அணை" என்றாள். நாக்கு தடித்திருந்தது. "அணைடா அடுப்பை! எல்லாரும் வெளிய போங்க!"

சூப்புத் தம்பி அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "அணைக்கக் கூடாது அக்கா. கொதி நின்னா சூப்பு கெட்டுடும்."

"ஆரம்பிச்சாச்சு" என்றார் சலூன்காரர். "நீராவி கிளம்பிடுச்சுய்யா." மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள்.

டிரைவர் அண்ணன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இரேன்டி. கூப்பிட்டு சாப்பாடு போடுற இடத்துல…"

வாழ்நாள் முழுக்க அற்பத்துக்கெல்லாம் கத்தித் தீர்த்த குரல். உயிர் போகிற நேரத்தில் அதை ஒருத்தரும் மதிக்கவில்லை. அவர் கையை உதறினாள். கதவை முழுக்கத் தள்ளித் திறந்துவிட்டு மழைக்குள் ஓடினாள். அவள் போன திசை பின்சந்து. அந்த ஓட்டையைத் திறந்துவிட்டால் போதும் என்ற ஒரே நினைப்பு. ஸ்டூல் தேடி ஏறி, தகரத்தின் ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ அதிகமாகப் போட்டிருந்ததே! யார் போடச் சொன்னது? நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. கம்பளியின் ஒரு முனை கீழே துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கினாள். அதுவும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போராடினாளோ, அப்போதுதான் மண்டையில் உறைத்தது. படுத்திருக்கிறாளே உள்ளே!

அறையின் ஜன்னல் சந்தைப் பார்த்து இருந்தது. மழைக்காக உள்ளே தாழ் போட்டிருந்தது. "அடியே! தங்கச்சி! எழுந்திருடி!" பதில் இல்லை. தன் கடைக்குள் ஓடி, பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் ஓங்கி ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில்தான் சூப்புத் தம்பி அடுப்பை அணைத்தான். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். எழுந்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே விழுந்தார்கள்.

உள்ளே படுத்திருந்தவளைத் தூக்கி வந்து மழையில் கிடத்தினார்கள். முகம் ரோஜா நிறத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. நன்றாகத் தூங்குகிறவள் மாதிரி. அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் அறைந்து அறைந்து, "கண்ணு முழிடி, கண்ணு முழிச்சுப் பாருடி" என்று கதறினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் குரல் ஓயவில்லை. அந்தக் குரலை யாரும் அப்போது கிண்டல் செய்யவில்லை.

தாய் பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்தது பிழைக்கவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், தகரத்தைக் கழற்றினார்கள். ஓட்டையை யார் அடைத்தது என்று கேட்டார்கள். நீராவி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள், வாயைத் திறப்பதற்குள் சூப்புத் தம்பி, "நான்தான் சார். என் கடை, நான்தான் அடைச்சேன்" என்றான். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஓவென்று அழுதாள். "நாங்கதான் சார், நாங்கதான்" என்றாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று யாரோ அவளைத் தோளைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார்கள்.

தெரு அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. "அக்கா மட்டும் இல்லன்னா அன்னிக்கு அத்தனை பேரும் காலி" என்று சலூன்காரர் வருகிற தலைகளுக்கெல்லாம் சொன்னார். கடைக்கு வந்து, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நீராவி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதுகூட நின்றுபோனது. அவளும் கத்துவதை விட்டுவிட்டாள். பட்டன் காணோம் என்று வந்தால், பேசாமல் வாங்கித் தைத்துக் கொடுத்தாள். டிரைவர் அண்ணன் திருப்புளியைத் தொடவில்லை.

ராமென் கடையைக் காலி செய்கிற அன்று சூப்புத் தம்பி லாண்டரிக்கு வந்தான். முன்னைவிட இளைத்திருந்தான். கையில் ஒரு துணி மூட்டை. மேஜைமேல் வைத்து அவிழ்த்தான். சாம்பல் நிறக் கம்பளி. அவனே துவைத்திருந்தான் போலிருக்கிறது. கரி முழுக்கப் போகவில்லை, சிவப்புக் கோடு பழுப்பேறிக் கிடந்தது. ஆனால் மடிப்பு ஒழுங்காக இருந்தது.

"இது உங்க அலமாரியில இருந்தது அக்கா. யாராச்சும் வந்து கேட்டா குடுக்கணுமே."

அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், கையிலிருந்ததை முகத்தில் விட்டெறிந்திருக்கலாம்.

"அவ எப்படிப்பா இருக்கா?"

"வண்டியில உக்காந்திருக்கா."

"நான் வந்து ஒரு தடவை பாக்கவா?"

அவன் மூட்டை கட்டிவந்த துணியை உதறி மடித்தான். "வேணாம் அக்கா" என்றான்.

அவள் உள்ளே போய் அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். ஓரம் மடித்துத் தைத்து இஸ்திரி போட்ட சின்னச் சின்னச் சதுரங்கள். நீட்டினாள். அவன் அதில் குத்தியிருந்த நம்பர் சீட்டைப் பார்த்தான். வாங்கிக்கொள்ளக் கை பாதி வரை வந்தது. அப்புறம் இறங்கிவிட்டது.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அக்கா வாசலுக்குப் போகவில்லை. கம்பளியை எடுத்துக்கொண்டு போய் அலமாரியின் அடித்தட்டில் அதன் பழைய இடத்திலேயே வைத்தாள். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். டிரைவர் அண்ணன் வந்து அதை அவளிடமிருந்து மெதுவாக வாங்கி, சீட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்பளியின்மேல் வைத்தார்.